பழைய காரின் உலோக அலங்காரப் பட்டைகளுக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய காரை வைத்திருப்பவர்கள் பாடிக்கு பெயின்ட் அடிக்க ஆள் தேடுவார்கள். கிரில், பக்கவாட்டு பீடிங் (பாடியில் ஓடும் அலங்காரப் பட்டை), வீல் கப், மோனோகிராம் (கார் பெயரோ சின்னமோ உள்ள பேட்ஜ்) போன்ற சின்ன உருப்படிகளை மட்டும் நாமே செய்துவிடலாமே என்று தோன்றும். செய்யலாம். ஆனால் இதில் பெயின்ட் அடிப்பது கடைசி கால் மணி நேர வேலை. அதற்கு முன்னால் என்ன உலோகம் என்று தெரிந்துகொள்வதும் சுத்தம் செய்வதும்தான் பெயின்ட் நிற்குமா உரியுமா என்று தீர்மானிக்கின்றன. கீழே உள்ள பதில்கள் அதிகமும் அந்த முன்வேலையைப் பற்றியே இருப்பதற்குக் காரணம் அதுதான்.

எதற்கு பெயின்ட் அடிக்கலாம், எதைத் தொடாமல் விடுவது நல்லது?

கம்பெனியிலிருந்து வரும்போதே பெயின்ட் இருந்த இடங்கள் என்று சில உண்டு. கிரில் கம்பிகளுக்கு நடுவே உள்ள கறுப்பு, வீல் கப்பில் பதிந்த எழுத்து, மோனோகிராமின் பள்ளங்கள், பீடிங்கின் நடுவில் ஓடும் வண்ணக் கோடு இவையெல்லாம் அந்த வகை. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் வீல் கப்பில் இருக்கும் சின்னத்தை கறுப்பில் தீட்டியிருப்பார்கள். 1960களின் மெர்சிடிஸ் பென்ஸ் கார்கள் பலவற்றில் வீல் கப்புக்கு பாடியின் நிறத்தையே கொடுத்திருப்பார்கள். இந்த இடங்களில் நிறம் போயிருந்தால் தயங்காமல் அடிக்கலாம். பழையதைத் திரும்பக் கொண்டுவருகிறீர்கள், அவ்வளவுதான்.

முழுக்கப் பளபளப்பாக இருக்க வேண்டிய குரோம் பம்பரையோ ஸ்டெயின்லெஸ் பீடிங்கையோ மங்கிவிட்டது என்பதற்காக பெயின்டில் மூழ்கடிப்பது வேறு விஷயம். முதலில் பாலிஷ் போட்டுப் பாருங்கள். துரு என்று நினைத்தது பல நேரம் மேலே ஒட்டிய அழுக்காக இருக்கும். அலுமினிய ஃபாயிலைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் குரோம் மேலிருக்கும் துருப்புள்ளிகள் ஆச்சரியப்படும் அளவுக்குப் போய்விடும். நல்ல குரோமின்மேல் அடித்த பெயின்டைப் பின்னால் எடுக்க நினைத்தால், பெயின்ட் பிடிப்பதற்காக முன்பு தேய்த்துப் போட்ட கீறல்களும் சேர்ந்தே வெளியே வரும். என்னைக் கேட்டால், மீதமிருக்கும் பளபளப்பு பாதிக்கு மேல் இருந்தால் பெயின்ட் டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

என் காரில் இருப்பது என்ன உலோகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சின்ன காந்தம், ஒரு டார்ச் லைட், கொஞ்சம் பொறுமை போதும். உருப்படியின் முன்பக்கம் ஏமாற்றும், பின்பக்கம் உண்மையைச் சொல்லிவிடும். ஆகவே முடிந்தால் கழற்றித் திருப்பிப் பாருங்கள்.

காந்தம் பலமாக ஒட்டி, மேலே பழுப்புத் துருப்புள்ளிகள் இருந்தால் அது குரோம் பூசிய இரும்புத் தகடு. பம்பர்கள் பெரும்பாலும் இதுதான்.

காந்தம் லேசாக ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும், தகடு மெல்லியதாக, நசுங்கல் இருந்தும் துரு இல்லாமல் இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காந்தம் ஒட்டினால் ஸ்டெயின்லெஸ் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கார் பீடிங்குகளில் அதிகம் பயன்பட்ட குரோமிய வகை ஸ்டெயின்லெஸ் காந்தத்தில் ஒட்டும். நிக்கல் கலந்த வகைதான் அவ்வளவாக ஒட்டாது.

கையில் எடுத்தால் கனமே இல்லை, காந்தமும் ஒட்டவில்லை, அங்கங்கே வெள்ளை வெள்ளையாக மங்கியிருக்கிறது என்றால் ஆனோடைஸ் செய்த (மேலே ஆக்ஸைடு படலம் வளர்த்த) அலுமினியம்.

காந்தம் ஒட்டாமல், ஆனால் அளவுக்கு மீறிய கனத்தோடு, வார்த்துச் செய்த தடிப்பான உருப்படியாக, பின்பக்கம் அதிலேயே வார்த்த ஸ்டட்டுகளோடு (நட்டு மாட்டும் சிறு தண்டுகள்) இருந்தால் அது நாகக் கலவை வார்ப்பு (நாகம் என்றால் துத்தநாகம், ஸிங்க்). மேற்பரப்பில் பரு மாதிரி புடைப்புகள் இருக்கும். மோனோகிராம், கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம் எல்லாம் இந்த உலோகத்தில் ஏராளம். இதில் அதிகம் புழங்கிய ஸமாக் என்ற கலவையை நியூ ஜெர்ஸி ஸிங்க் கம்பெனி 1929இல் உருவாக்கியது. அலுமினியத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அடர்த்தி என்பதால் கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும்.

மிகப் பழைய கார்களில் பித்தளைமேல் பூச்சு இருக்கலாம். மறைவான ஓரத்தில் லேசாகச் சுரண்டினால் மஞ்சள் தெரியும். கடைசியாக, பிற்காலத்துக் கார்களில் பிளாஸ்டிக் மேலேயே குரோம் பூசியிருப்பார்கள். தொட்டால் உலோகத்தின் குளிர்ச்சி இருக்காது, தட்டினால் மொட்டைச் சத்தம் வரும். இந்தப் பக்கத்தில் அதைப் பற்றிப் பேசப்போவதில்லை. அதற்கு பிளாஸ்டிக்குக்கான ஒட்டுப்பூச்சு தனியாக வேண்டும்.

கழற்றாமலே காரில் வைத்தபடி அடிக்கலாமா?

பள்ளத்தில் இருக்கும் எழுத்தை பிரஷ்ஷால் நிரப்புவது என்றால் சரி. ஸ்பிரே என்றால் கழற்றுவதே நல்லது. காரில் இருக்கும்போது ஓரங்களில் வாக்ஸும் அழுக்கும் தேங்கியிருக்கும், அங்கே கை போகாது, பெயின்ட் முதலில் உரிவதும் அங்கேதான்.

கழற்றும்போது மூன்று விஷயம். ஒன்று, ஸ்குரூடிரைவரால் நெம்பாதீர்கள். பிளாஸ்டிக் நெம்புகோல் வாங்கிக்கொள்ளுங்கள், அடியில் பாடியின்மேல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். நீளமான பீடிங்கை ஒரு முனையில் பிடித்து இழுத்தால் நடுவில் மடிந்துவிடும், மடிந்த ஸ்டெயின்லெஸ்ஸை நிமிர்த்துவது தனி வித்தை. ஒவ்வொரு கிளிப்பாக, அதற்கு நேர் பின்னால் நெம்புகோலை வைத்து விடுவிக்க வேண்டும். இரண்டு, நாக வார்ப்பின் ஸ்டட்டுகள் வயதானவை. நட்டு இறுகியிருந்தால் முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். நட்டைச் சுழற்றும்போது ஸ்டட்டும் சேர்ந்து முறுக்கினால் உடனே நிறுத்துங்கள். உடைந்த ஸ்டட்டை வெல்டு வைக்க முடியாது. மூன்று, ஒவ்வொரு கிளிப்பும் எந்தத் துளையில் இருந்தது என்று போட்டோ எடுத்து, தனித்தனிக் கவரில் போட்டு எழுதி வையுங்கள். ஒரே பீடிங்கில் இரண்டு மூன்று வகைக் கிளிப்புகள் இருப்பது சகஜம்.

பசையால் ஒட்டிய மோனோகிராம் என்றால் ஹேர் டிரையரால் சூடாக்கி, தூண்டில் நரம்பை அடியில் விட்டு ரம்பம் போல இழுத்தால் வந்துவிடும்.

சுத்தம் செய்வதில் அப்படி என்ன இருக்கிறது?

வரிசை இருக்கிறது. பெரும்பாலானவர்கள் முதலில் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) எடுத்துத் தேய்க்க ஆரம்பிக்கிறார்கள். பல வருடம் போட்ட வாக்ஸும் சிலிக்கான் பாலிஷும் மேலே இருக்கும்போது தேய்த்தால், நீங்கள் போடும் கீறல்களுக்குள்ளேயே அந்த எண்ணெயை அழுத்தித் திணிக்கிறீர்கள். பிறகு எத்தனை துடைத்தாலும் முழுசாக வராது, பெயின்ட் அடித்ததும் பொட்டுப் பொட்டாகக் குழி விழும்.

ஆகவே முதலில் பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும், பழைய டூத் பிரஷ். நன்றாகக் கழுவிக் காயவைத்து, அப்புறம் வாக்ஸ், கிரீஸ் நீக்கும் திரவம். இதற்கு இரண்டு துணி வேண்டும். ஒன்றால் திரவத்தைப் பூசி, அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தானாகக் காயவிட்டால் கரைந்த எண்ணெய் அதே இடத்தில் திரும்பப் படிந்துவிடும். இதற்குப் பிறகுதான் தேய்ப்பது. தேய்த்து முடித்ததும் மறுபடியும் அதே திரவம், அதே இரண்டு துணி. அதன் பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

தேய்ப்பதை எப்போதும் தண்ணீரோடு செய்யுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், பழைய பிரைமரில் (பெயின்டுக்கு அடியில் அடிக்கும் பூச்சு) குரோமேட் இருக்கலாம். அந்தத் தூசி காற்றில் பறக்கக்கூடாது. தேய்த்த சகதியைக் காயவிடாமல் பேப்பரால் துடைத்துக் கட்டி எறியுங்கள்.

குரோம்மேல் பெயின்ட் நிற்கவே நிற்காது என்கிறார்களே?

பாதி உண்மை. குரோம் மிகக் கடினமானது, வழவழப்பானது. பெயின்ட் பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. அலங்காரக் குரோம் பூச்சில் குரோமியம் என்பது பெரும்பாலும் அரை மைக்ரானுக்கு மேல் போகாத படலம். அதன் அடியில் தடிப்பான நிக்கல் படலம், பல நேரம் அதற்கும் அடியில் செம்பு. பளபளப்பின் ஆழம் நிக்கலிலிருந்து வருகிறது, அந்த நீலம் கலந்த வெண்மைதான் குரோமினுடையது.

பெயின்ட் நிற்க வேண்டுமென்றால் அந்த வழவழப்பைக் கொல்ல வேண்டும். 320 நம்பர் வாட்டர் பேப்பரில் ஆரம்பித்து 400இல் முடியுங்கள். எங்கேயும் கண்ணாடி மாதிரி மின்னும் இடம் மிச்சமிருக்கக்கூடாது. விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தால் முழுதும் ஒரே மாதிரி மங்கலாக இருக்க வேண்டும். தேய்க்கும்போது அங்கங்கே லேசான மஞ்சள் சாயல் தெரிந்தால் நிக்கல் வந்துவிட்டது என்று அர்த்தம், பயப்பட வேண்டாம். ஆனால் பூச்சு செதில் செதிலாக எழும்பியிருந்தால் அதை முழுதும் எடுத்துவிடுங்கள். எழும்பிய பூச்சின்மேல் எந்த பிரைமரும் வேலை செய்யாது, அது தன்னோடு பெயின்டையும் தூக்கிக்கொண்டு போகும்.

ஆசிட்டிலோ பேட்டரி சார்ஜரிலோ குரோமை வீட்டிலேயே எடுத்துவிடலாமா?

வேண்டாம். மின்சாரம் விட்டு குரோமைக் கரைக்கும்போது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் உண்டாகிறது. புற்றுநோய் வரவழைக்கும் பொருள் அது. மிச்சமாகும் மஞ்சள் தண்ணீரை எங்கே கொட்டுவீர்கள்? ஆசிட்டின் புகை ஒரு பக்கம், அது நாக வார்ப்பைச் சாப்பிட்டுவிடுவது இன்னொரு பக்கம். பூச்சை முழுதும் எடுத்தே ஆக வேண்டும் என்றால் மின்முலாம் பூசும் பட்டறையில் கொடுங்கள்.

அலுமினிய பீடிங்குக்கு?

ஆனோடைஸ் படலம் கெடாமல் இருந்தால் அதை எடுக்க வேண்டியதில்லை. அது உலோகத்தோடு ஒட்டிப் பிறந்த ஆக்ஸைடு, உரியாது. 400 நம்பரில் மங்கலாக்கி அதன்மேலேயே பிரைமர் அடிக்கலாம். வெள்ளை பூத்துப் பொத்தல் விழுந்த இடங்களை மட்டும் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும்.

படலத்தை முழுதும் எடுத்தால்தான் திருப்தி என்பவர்கள் காஸ்டிக் சோடா கலந்த அடுப்பு கிளீனரைப் பயன்படுத்துகிறார்கள். வேலை நடக்கும். ஆனால் படலம் போனதும் காஸ்டிக் அலுமினியத்தையே அரிக்கத் தொடங்கும், ஹைட்ரஜன் வாயு வெளிவரும். கண்ணாடி, ரப்பர் கையுறை, திறந்த வெளி, பக்கத்தில் நெருப்பு கூடாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, கழுவி, தேவைப்பட்டால் மறுபடி போடுங்கள். மறந்துபோய் டீ குடிக்கப் போகிற வேலை இல்லை. அலுமினியம் என்று தவறாக நினைத்து நாக வார்ப்பில் போட்டுவிடாதீர்கள், காஸ்டிக் அதையும் அரிக்கும்.

வெறும் அலுமினியம் காற்று பட்டதுமே மறுபடி ஆக்ஸைடு பூணத் தொடங்கிவிடும். ஆகவே தேய்த்த அன்றே, முடிந்தால் அடுத்த மணி நேரத்துக்குள் பிரைமர் அடித்துவிட வேண்டும்.

மோனோகிராமில் பரு பருவாகப் புடைத்திருக்கிறது. தேய்த்து அடித்தால் போதுமா?

போதாது. நாக வார்ப்பின் பெரிய தொல்லை இதுதான். ஈரம் பூச்சில் இருக்கும் ஊசித்துளை வழியாக உள்ளே போய் உலோகத்தை அரிக்கிறது. அரித்த உப்பு அடியில் சேர்ந்து பூச்சை மேலே தள்ளுகிறது. வெளியே தெரியும் பருவை மட்டும் தேய்த்துச் சமமாக்கினால் அடியில் இருக்கும் வெள்ளைப் பொடி அப்படியே இருக்கும். சில மாதத்தில் அதே இடத்தில் புதுப் பெயின்டோடு மறுபடி எழும்பும்.

ஒவ்வொரு பருவையும் பல் மருத்துவர் சொத்தையைத் தோண்டுவது போலத் தோண்ட வேண்டும். கையில் பிடிக்கும் சின்ன டிரில்லில் உருண்டை முனை போட்டு, வெள்ளையும் கறுப்பும் போய் பளபளக்கும் உலோகம் வரும்வரை எடுங்கள். துவாரம் பெரிதாகிறதே என்று பாதியில் விடாதீர்கள். பிறகு கழுவி, காயவைத்து, உலோகத்துக்கான இரண்டு பாக எபாக்ஸியால் நிரப்பித் தேய்த்துச் சமமாக்கலாம். சாதாரண பாடி பட்டியைவிட (பள்ளம் நிரப்பும் பசை) இந்த இடத்தில் எபாக்ஸிதான் நல்லது. பட்டி ஈரத்தை உறிஞ்சும்.

நாக வார்ப்பைச் சூடாக்கி உலர்த்தும் யோசனையையும் விட்டுவிடுங்கள். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து பெயின்டில் கொப்புளம் எழுப்பும். சமையல் அடுப்பில் எந்த உருப்படியையும் வைக்கக்கூடாது என்பது வேறு காரணத்துக்காக. அதில் நாளைக்குச் சாப்பாடு வேகப்போகிறது.

எந்த பிரைமர்?

வெறும் உலோகத்துக்கு எட்ச் பிரைமர் அல்லது எபாக்ஸி பிரைமர். எட்ச் பிரைமரில் இருக்கும் பாஸ்பாரிக் அமிலம் உலோகத்தை லேசாகக் கடித்துப் பிடிக்கிறது. அலுமினியம், இரும்பு, நாகம் மூன்றுக்கும் பொருந்தும். ஸ்பிரே கேனில் கிடைப்பதால் வீட்டு வேலைக்கு வசதி. ஆனால் மெல்லிசாக, அடியில் உள்ளது லேசாகத் தெரியும்படி அடிக்க வேண்டும். தடிப்பாக அடித்தால் அமிலம் உள்ளேயே தங்கி, மேலே வரும் பெயின்டைக் கெடுக்கும். அதன்மேல் நேரடியாகப் பட்டி போடக்கூடாது. எபாக்ஸி பிரைமருக்கு மேலேயும் எட்ச் பிரைமர் அடிக்கக்கூடாது.

எட்ச் பிரைமரின் அமிலம் குரோமைக் கடிக்காது. மங்கலாக்கிய குரோமுக்கு எபாக்ஸிதான் என் தேர்வு. ஹார்ட்னர் (இறுக வைக்கும் திரவம்) கலக்க வேண்டும், ஸ்பிரே கன் வேண்டும் என்ற தொல்லை உண்டு. ஆனாலும் ஈரத்தை அது தடுப்பது போல வேறெதுவும் தடுப்பதில்லை.

மேல் பெயின்ட்? லாக்கரா, எனாமலா, 2கேயா?

லாக்கர் சீக்கிரம் காயும், தின்னர் பட்டால் கரையும், பெட்ரோல் சிந்தினாலும் கெடும். எனாமல் மெதுவாகக் காயும், ஓரளவு உறுதி. சின்ன மோனோகிராமுக்கும் கிரில் பள்ளத்துக்கும் எனாமலே தாராளம்.

2கே என்ற இரண்டு பாகப் பெயின்டும் கிளியரும் (நிறமில்லாத மேல்பூச்சு)தான் எல்லாவற்றிலும் உறுதியானவை. இப்போது பின்னை அழுத்தி ஹார்ட்னரைக் கலக்கும் ஸ்பிரே கேன்களாகவும் வருகின்றன. ஆனால் அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுவழி போனால் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடம்பு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சின்ன அளவும் தாங்காது. தூசிக்குப் போடும் துணி மாஸ்க்கோ பேப்பர் மாஸ்க்கோ இதைத் தடுக்கவே தடுக்காது. பட்டறையில் வெளிக்காற்று வரும் முகமூடி போட்டு அடிப்பது சும்மா இல்லை. சரியான முகமூடியும், உடம்பை மூடும் உடையும், வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் இல்லாத இடமும் உங்களிடம் இல்லையென்றால் எனாமலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு பீடிங்குக்காக நுரையீரலைப் பணயம் வைக்கத் தேவையில்லை. எனாமல், லாக்கர் அடிக்கும்போதும் கரி வடிகட்டி பொருத்திய மாஸ்க் வேண்டும்.

ஸ்பிரே கேனில் நன்றாக அடிப்பது எப்படி?

உள்ளே குண்டு உருளும் சத்தம் வந்த பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். குளிரான நாளில் கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் துகள் மென்மையாக வரும். சுடுதண்ணீர் கூடாது, 50 டிகிரிக்கு மேல் கேன் வெடிக்கலாம். உருப்படியிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். உருப்படிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, கடந்துபோய் வெளியேதான் விட வேண்டும். மேலே நின்றபடி அழுத்தினால் அந்த இடத்தில் ஒழுகும். ஒவ்வொரு வீச்சும் முந்தினதில் பாதியை மூட வேண்டும்.

முதல் கோட் வெறும் தூவல் போல இருக்கட்டும். முழுதும் மூடவில்லையே என்று கை துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். ஐந்து பத்து நிமிடம் விட்டு அடுத்தது. நீளமான பீடிங் என்றால் இரண்டு கம்பிகளின்மேல் கிடத்தாமல், பின்பக்கத்தைப் பிடித்துத் தொங்கவிட்டு அடித்தால் ஓரங்களும் சேர்ந்து மூடும். மழை ஈரமோ புழுக்கமோ அதிகமான நாளில் அடிக்காதீர்கள். குறிப்பாக லாக்கர் வெள்ளையாகப் பூத்துவிடும்.

கேனில் எழுதியிருக்கும் மறுகோட் நேரத்தைப் படியுங்கள். பல எனாமல்களில் ஒரு மணி நேரத்துக்குள் அடி, இல்லாவிட்டால் ஒன்றிரண்டு நாள் பொறு என்று இருக்கும். அது சும்மா எழுதியதல்ல. நடுவில் அடித்தால் பாதி காய்ந்த அடிப்படலத்தை மேல் பெயின்டின் கரைப்பான் ஊறவைத்து, தோல் சுருங்குவது மாதிரி சுருட்டிவிடும்.

மேடு பளபளப்பாக இருக்க வேண்டும், பள்ளத்தில் மட்டும் கறுப்பு வேண்டும். எப்படி?

இந்த வேலையிலேயே கை ருசி காட்டக்கூடிய இடம் இதுதான். கிரில், வீல் கப், கோடு போட்ட பீடிங் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வழி இரண்டு.

முதல் வழி மாஸ்கிங். ஓரம் நேராகவும் மேடு அகலமாகவும் இருந்தால் இது. சாதாரண மாஸ்கிங் டேப்பின் ஓரம் சொரசொரப்பானது, அடியில் பெயின்ட் கசியும். ஓரத்துக்கு மட்டும் மெல்லிய பிளாஸ்டிக் ஃபைன்லைன் டேப்பை ஒட்டி, அதற்கு வெளியே சாதாரண டேப்பால் மூடுங்கள். ஃபைன்லைன் வளைவிலும் மடியாமல் போகும். நகத்தால் ஓரத்தை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். பெயின்ட் தொட்டால் ஒட்டாத, ஆனால் இன்னும் முழுதாக இறுகாத நேரத்தில், டேப்பை அதன்மேலேயே மடக்கி மெதுவாக இழுங்கள். முழுதும் காய்ந்த பிறகு இழுத்தால் ஓரம் பிசிறாகக் கிழியும். காய்ந்துவிட்டதென்றால் புது பிளேடால் ஓரத்தில் லேசாகக் கோடு போட்டு, அப்புறம் இழுங்கள்.

இரண்டாவது வழி துடைத்தெடுப்பது. மேடுகள் குறுகலாக, நிறைய இருந்தால் டேப் ஒட்டியே வெறுத்துவிடும். முதலில் பள்ளத்தை மட்டும் மங்கலாக்க வேண்டும். ஐஸ்கிரீம் குச்சியைப் பள்ளத்தின் அகலத்துக்குச் சீவி, 600 நம்பர் பேப்பரைச் சுற்றித் தேய்த்தால் மேட்டில் கீறல் விழாது. சுத்தம் செய்து, மேடு பள்ளம் பார்க்காமல் எனாமலை மெல்லிசாக அடித்துவிடுங்கள். தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்ததும், தட்டையான மரக்கட்டையில் மெல்லிய பருத்தித் துணியை இறுக்கமாகச் சுற்றி, டர்பன்டைனை ஓரிரு சொட்டு மட்டும் விட்டு மேட்டைத் துடையுங்கள். துணி நனைந்திருக்கக்கூடாது, நனைந்தால் திரவம் பள்ளத்துக்குள் வழியும். விரலில் துணியைச் சுற்றித் துடைத்தால் விரல் பள்ளத்துக்குள் அமுங்கும், அதனால்தான் கட்டை. பள்ளத்தின் போக்கில் துடைக்காமல் குறுக்கே துடையுங்கள். ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் புது இடம். லாக்கர் என்றால் டர்பன்டைன் வேலை செய்யாது, தின்னர்தான் வேண்டும். அது சட்டென்று கரைப்பதால் கைப்பதம் தேவை. சுற்றிலும் வேறு பெயின்ட் இருக்கும் உருப்படியில் தின்னரை எடுக்கவே வேண்டாம்.

எழுத்துகளை நிரப்ப பிரஷ்ஷே போதும். தீட்டாதீர்கள், நிரப்புங்கள். எனாமலைக் கொஞ்சம் இளக்கி, மோனோகிராமைச் சமதளத்தில் கிடத்தி, பிரஷ் நுனியில் ஒரு துளி எடுத்துப் பள்ளத்தின் நடுவில் வைத்தால் அது தானே ஓரம்வரை ஓடிப் பரவும். இழுத்துத் தீட்டினால் பிரஷ் தடம் தெரியும்.

மிகப் பழைய மோனோகிராம்களில் நிறம் பெயின்டாக இல்லாமல் சூளையில் உருக்கிப் படிய வைத்த கண்ணாடிப் பூச்சாக இருக்கும். நகத்தால் தட்டினால் கண்ணாடிச் சத்தம் வரும். அதைத் தேய்த்துக் கெடுத்துவிடாதீர்கள். சில்லு போன இடத்தை மட்டும் நிறம் கலந்த எபாக்ஸி ரெசினால் நிரப்பலாம்.

குரோம் ஸ்பிரே அடித்தால் குரோம் மாதிரி ஆகுமா?

ஆகாது. நல்ல வெள்ளி நிறம் கிடைக்கும். அதில் இருப்பது நுண்ணிய அலுமினியச் செதில்கள், காயும்போது மேலே மிதந்து வந்து படுத்துக்கொள்கின்றன. கையால் தொட்டால் வரும், அதைக் காப்பாற்ற கிளியர் அடித்தால் செதில்கள் கலைந்து சாம்பல் நிறமாகிவிடும். உட்புறத்தில் யாரும் தொடாத சின்ன உருப்படிக்கு வேண்டுமானால் பார்க்கலாம்.

சரியான பழைய நிறத்தை எப்படிப் பிடிப்பது?

வெயில் படாத இடத்தில் தேடுங்கள். கிளிப்புக்கு அடியில், பீடிங்கின் மடிந்த ஓரத்தில், மோனோகிராமின் பின்விளிம்பில் பழைய பெயின்டின் துணுக்கு இருக்கும். தேய்க்க ஆரம்பிப்பதற்கு முன்பே அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைவிட அதிகம் தவறுவது மினுமினுப்பில். கிரில் கறுப்பு பெரும்பாலும் முழு மினுமினுப்பும் இல்லை, முழு மங்கலான மேட் பூச்சும் இல்லை, சாட்டின் எனப்படும் நடுத்தரம். முழு மினுமினுப்பில் அடித்தால் பார்த்தவுடனே புதிதாக அடித்தது என்று தெரியும். வெள்ளி நிறத்திலும் அப்படித்தான். அமெரிக்கக் கார்களில் அர்ஜென்ட் சில்வர் என்று ஒரு மங்கலான வெள்ளி உண்டு, செவர்லேயின் ரேலி வீல்களில் வந்தது அதுதான். கண்ணைக் கூசும் வெள்ளியை அங்கே அடித்தால் பொருந்தாது.

1920களின் கார் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் காலத்தில் குரோம் பரவலாகவில்லை, நிக்கல் பூச்சுதான். ஃபோர்டு மாடல் ஏ காரில் 1928, 1929இல் ரேடியேட்டரின் வெளி உறைக்கு நிக்கல் பூச்சு, 1930இலிருந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நிக்கலின் மஞ்சள் சாயலை அழுக்கு என்று நினைத்துவிடக்கூடாது.

அடித்தது கெட்டுவிட்டது. என்ன செய்ய?

ஒழுகியிருந்தால் ஈரத்தில் தொடாதீர்கள். முழுதும் காயவிட்டு, கட்டையில் சுற்றிய 800 நம்பர் பேப்பரால் சமமாக்கி ஒரு கோட் அடியுங்கள். பொட்டுக் குழி விழுந்தால் எண்ணெய் மிச்சம், மேலே மேலே அடித்து மூட முடியாது, உலோகம்வரை போக வேண்டும். சுருங்கியிருந்தாலும் அதே கதி. லாக்கர் வெள்ளையாகப் பூத்திருந்தால் உலர்ந்த நாளில் ஒரு மெல்லிய கோட் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆரஞ்சுத் தோல் போல வந்தால் தூரத்திலிருந்து அடித்திருக்கிறீர்கள், அல்லது வெப்பம் அதிகம்.

எப்போது திரும்பப் பொருத்தலாம்?

ஒரு நாளில் தொடலாம். கிளிப்பின் அழுத்தத்தைத் தாங்க எனாமலுக்கு ஒரு வாரமாவது கொடுங்கள், அதற்கு மேலும் கொடுத்தால் நல்லது. அதற்குள் பாடியில் உள்ள கிளிப் துளைகளைப் பாருங்கள். அங்கே துரு இருந்தால் பீடிங் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. சுரண்டி, பிரைமரும் பெயின்டும் தொட்டு வையுங்கள்.

அலுமினியமோ ஸ்டெயின்லெஸ்ஸோ ஈரத்தோடு வெறும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டுக்கும் நடுவே மின்வேதி அரிப்பு நடக்கும். ஸ்டெயின்லெஸ்ஸுக்குப் பக்கத்தில் இரும்பு அரிக்கும், இரும்புக்குப் பக்கத்தில் அலுமினியம் அரிக்கும். பிளாஸ்டிக் கிளிப்போ, இரும்புக் கிளிப் என்றால் கொஞ்சம் கிரீஸோ நடுவில் இருந்தால் போதும். ஸ்டட் துளைகளில் பியூட்டைல் சீலர் (ரப்பர் போன்ற அடைப்புப் பசை) வைத்தால் தண்ணீர் கதவுக்குள் இறங்காது. நாக வார்ப்பின் நட்டுகளைக் கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்றோடு நிறுத்துங்கள்.

பிறகு எப்படிப் பராமரிப்பது?

தண்ணீரும் லேசான ஷாம்பூவும். முதல் ஒரு மாதம் வாக்ஸ் வேண்டாம். சாட்டின், மேட் இடங்களில் எப்போதுமே வேண்டாம், அங்கங்கே மினுமினுத்துத் திட்டாகிவிடும். குரோம் பாலிஷில் அரைக்கும் பொடி இருக்கிறது. மேட்டுக்கு அதைப் போடும்போது பள்ளத்தில் பட்டால் பெயின்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். பாலிஷைத் துணியில் எடுத்து, துணியைத் தட்டையாகப் பிடித்து மேட்டில் மட்டும் ஓட்டுங்கள். காரைக் கழுவக் கொடுக்கும் இடத்தில் அழுத்தமான தண்ணீரைப் பீடிங்கின் ஓரத்தில் நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். சில்லு எழும்பினால் அன்றைக்கே துளி எனாமல் வைத்து மூடிவிட்டால் அந்த இடத்தோடு நிற்கும்.